வாசிக்காமல் விட்ட ஒரு பாரா

1957ஆம் வருடம், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். புதுச்சேரியில் உப்பளம் பக்கம் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் நான் அப்போது ஆசிரியை. வயது இருபத்தாறு. பிறந்த ஊர் கடலூர். சென்னையில் விடுதியில் தங்கி பி.ஏ. முடித்து, கல்யாணம் ஆகிப் புதுச்சேரிக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு வருடம் சொச்சம். கொடி போன வேகத்தில் மற்றதெல்லாம் போய்விடவில்லை. எங்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையை 'திரெக்திரீஸ்' என்றுதான் சொல்வோம். ஆசிரியைகளைப் பிள்ளைகள் 'மதாம்' என்று கூப்பிடுவார்கள். மாறியது ஒன்றே ஒன்று. கல்வி அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்கள் இங்கிலீஷில் வர ஆரம்பித்திருந்தன. சென்னையிலிருந்து வந்த புது அதிகாரிகளுக்குப் பிரெஞ்சு தெரியாது, எங்கள் திரெக்திரீசுக்கு இங்கிலீஷ் தெரியாது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பாலமாக இருந்தவள் நான் ஒருத்திதான்.

கடிதம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஆசிரியைகள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் நின்றபடி மனசுக்குள் வாசித்துத் தமிழில் சொல்வேன். பதினெட்டு இருபது வருடம் சர்வீஸ் போட்டவர்கள் எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த ஆசிரியைகளில் ஒருவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தேங்காய்த்திட்டுப் பக்கத்து மீனவக் குடும்பம். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அம்மா கூடையில் மீன் சுமந்து விற்றுத்தான் அக்காவைக் கன்னியர் பள்ளியில் சேர்த்துப் 'பிரெவே' வரை படிக்கவைத்தது. பிரெவே என்றால் அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பரீட்சை, அது முடித்தால் வாத்தியார் வேலை நிச்சயம். அந்தக் குப்பத்தில் அதை முடித்த முதல் பெண் அக்காதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்போது வயது நாற்பத்தொன்று, சர்வீஸ் பத்தொன்பது வருடம்.

பள்ளியை உண்மையில் நடத்தியது அக்காதான். திரெக்திரீஸ் நல்ல மனுஷி, ஆனால் மனசெல்லாம் பிரான்சில் இருந்தது. மகன் அங்கே பட்டாளத்தில் இருந்தான். இன்றைக்குப் போகிறேன் நாளைக்குப் போகிறேன் என்று பெட்டியைப் பாதி கட்டியபடியே இருந்தார். எந்தப் பிள்ளை மூன்று நாளாய் வரவில்லை, எந்த வகுப்புக் கூரையில் ஓடு நழுவியிருக்கிறது, எந்த அம்மா பெண்ணைப் படிப்பை நிறுத்தி ஆலைக்கு அனுப்பப் பார்க்கிறாள், எல்லாம் அக்காவுக்குத் தெரியும். சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவார். திரெக்திரீசுக்கு அப்புறம் அந்த நாற்காலி அக்காவுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எனக்கு மட்டும் இருந்தது. சந்தேகம் என்றுகூடச் சொல்லக்கூடாது, பொறாமை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பி.ஏ. படித்த நான் ஒரு மீன்காரம்மா மகளுக்குக் கீழே காலம் முழுக்க வேலை பார்ப்பதா என்று எனக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வீட்டுக்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

அந்த வாரம் வந்த கடிதம் இதைப் பற்றித்தான். நின்றபடி வாசித்தேன். முதல் பாரா: இனிமேல் பள்ளித் தலைமைப் பதவி முறையான தகுதி உள்ளவர்களுக்கு மட்டும்தான். இரண்டாவது பாரா: பட்டம் பெற்றவர்கள் விரும்பினால் சம்பளத்தோடு ஒரு வருடம் சென்னைக்குப் போய் பி.டி. என்ற ஆசிரியர் பயிற்சி முடிக்கலாம், பள்ளிக்கு ஒருவர். இரண்டையும் தமிழில் சொன்னேன். சொல்லிக்கொண்டே கண் மூன்றாவது பாராவுக்குப் போய்விட்டது.

பிரெவே முடித்துப் பத்து வருடத்துக்கு மேல் பணி செய்தவர்களுக்கு வேறு படிப்பு தேவையில்லை, வரும் கோடையில் இதே ஊரில் நடக்கப்போகும் மூன்று மாதப் பள்ளி நிர்வாகப் பயிற்சியில் சேர்ந்தால் போதும், அதுவே தலைமைப் பதவிக்குச் சமமான தகுதி, பணிமூப்பும் சேர்த்துக் கணக்கில் எடுக்கப்படும், மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் வரவேண்டும் என்று எழுதியிருந்தது.

இதைப் படிக்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தில் நான் கணக்குப் போட்டுவிட்டேன். இந்தப் பாராவைச் சொன்னால் அக்கா மே மாதம் பயிற்சிக்குப் போவார், ஆகஸ்டில் வந்து, திரெக்திரீஸ் கிளம்பியதும் நாற்காலியில் உட்காருவார். நான் பி.டி. முடித்து வந்தாலும் அவர் ஓய்வு பெறுகிறவரை காத்திருக்க வேண்டும். கடிதத்தை மடித்தேன்.

"அவ்ளோதானாம்மா?" என்று கேட்டார் திரெக்திரீஸ்.

"அவ்ளோதான் மதாம்" என்றேன்.

அக்கா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்கள மாதிரி பிரெவே படிச்சவங்களுக்கு ஒண்ணும் போடலியா தங்கச்சி?" என்றார்.

"இல்லக்கா."

இந்த ஒற்றைச் சொல்லைச் சொல்ல எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நாக்கு குழறியிருந்தால், முகம் வெளுத்திருந்தால், அன்றைக்கே யாராவது பிடித்திருப்பார்கள்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். வரவுப் பதிவேட்டில் எண் ஏறிவிட்டது, அது ஒரு காரணம். ஆனால் நிஜக் காரணம் வேறே. கிழித்தால் அது திருட்டு, சொல்லாமல் விட்டால் வெறும் விட்டுப்போனது என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்து வைத்திருந்தேன். கோப்பில் எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில்தானே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்துக்கொள்ளட்டுமே என்று. படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா என்னை வராந்தாவில் நிறுத்தினார். மாதா கோயில் பக்கத்து ஆண்கள் பள்ளியில் ஒரு முசியே, அதாவது ஆண் வாத்தியார், தன்னைப் போலவே பிரெவேக்காரர், ஏதோ மூன்று மாதப் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம். "நமக்கும் அதுமாதிரி ஏதாச்சும் வந்திருக்கான்னு ஒருவாட்டி பாரேன்" என்றார்.

மாதக் கடைசிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அன்றைக்குச் சொல்லியிருந்தால்கூட எல்லாம் சரியாகியிருக்கும். கவனிக்கவில்லை அக்கா, மன்னிச்சிடு என்று ஒரு வரி போதும். நானோ, "அது ஆம்பளப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான்க்கா, எனக்குத் தெரியும்" என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய் எவ்வளவு சுளுவாக வந்து நிற்கிறது பாருங்கள். அக்கா நம்பினார். நான்தானே கடிதம் படிக்கிறவள், எனக்குத் தெரியாததா.

அப்புறம்தான் விஷயம் நான் நினைக்காத பக்கம் திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஓலைக் குடலையில் சங்கரா மீன். உட்காரச் சொன்னதும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, எனக்கு யோசன சொல்ல வேற யாரும் இல்ல. நான் என்னா படிச்சா எட்மிஸ்ட்ரஸ் ஆவலாம்? எத்தினி வருஷம் ஆனாலும் சரி."

பிரெவேக்கு இனி மதிப்பில்லை என்று அவர் முடிவே கட்டிவிட்டிருந்தார். நான் கட்டவைத்திருந்தேன். நாற்பத்தொரு வயதில் முதல் படியிலிருந்து ஏறத் தயாராக வந்து உட்கார்ந்திருக்கிறார். நானும் பெரிய மனுஷிபோல ஒரு வழி சொன்னேன். முதலில் மெட்ரிகுலேஷன், தனித்தேர்வாக எழுதலாம். அதற்கு இங்கிலீஷ் வேண்டும், கணக்கு வேண்டும். அப்புறம் ஆசிரியர் பயிற்சி. அதற்கும் அப்புறம் பார்க்கலாம். மொத்தம் ஏழெட்டு வருடம் ஆகும் என்றேன். மூன்று மாதத்தில் முடிகிற காரியத்துக்கு நான் காட்டிய வழி இது.

"அப்ப இங்கிலீஷ் நீயே சொல்லிக் குடுத்துடு" என்றார் அக்கா.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மூன்றாம் வகுப்பு ரீடரில் தொடங்கினோம். பிரெஞ்சு தெரிந்தவராதலால் எழுத்துக்குக் கஷ்டம் இல்லை, உச்சரிப்புதான் படாதபாடு பட்டது. பிரெஞ்சுப் பழக்கத்தில் எல்லாச் சொல்லுக்கும் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார். நான் சிரிப்பேன், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒருநாள் கதைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "எனக்கு நரி கத காக்கா கதெல்லாம் வேணாம்மா. ஆபீஸ் கடுதாசி எப்படி எழுதுறாங்க, அதச் சொல்லிக் குடு. நாளைக்கு அந்த எடத்துல உக்காந்தா அதானே வேணும்" என்றார்.

அதையும் சொல்லிக்கொடுத்தேன். வெறும் கையோடு வரமாட்டார். காரப்பொடி மீன், நெத்திலி, சில நாள் இறால். அவர் அம்மா தலைச்சுமையாகக் கொண்டுவந்ததில் எடுத்து வைத்தது. வீட்டுக்காரர், "ஒங்க அக்கா புண்ணியத்துல நாக்கு ருசி கண்டுடுச்சி" என்பார். நானும் குழம்பு வைத்து, கடிதத்தை மடித்த அதே கையால் பிசைந்து தின்றேன். தொண்டையில் முள் சிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை.

ஜூனில் நான் சென்னைக்குப் பி.டி.க்குப் போனேன். ரயிலடிக்கு வந்து வழியனுப்பியதும் அக்காதான். ஒரு வருடம் அங்கே கல்வி உளவியல், போதனா முறை, பள்ளி நிர்வாகம் என்று படித்தேன். நிர்வாகத் தாளில் ஒரு கேள்வி வந்தது, தலைமை ஆசிரியரின் முதற் கடமைகள் யாவை என்று. மேலிடத்து உத்தரவுகளைச் சக ஆசிரியர்கள் அனைவருக்கும் ஒளிவு மறைவின்றித் தெரிவிப்பது என்று நானும் எழுதினேன். அந்தத் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண்.

58ஆம் வருடம் திரும்பி வந்தேன். திரெக்திரீஸ் ஒருவழியாகப் பெட்டியை முழுசாகக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். தகுதி உள்ளவள் என்று பள்ளியில் நான் ஒருத்திதான் இருந்தேன். தலைமைப் பதவி எனக்கு வந்தது. முதல் நாள் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, என் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து, "இனிமே இவங்கதான் நம்ம பெரிய மதாம், சொல்பேச்சு கேக்கணும்" என்று பிள்ளைகளிடம் சொன்னது அக்கா. அவர் குரலில் ஒரு துளிகூடக் கசப்பில்லை. எனக்குத்தான் அந்த நாற்காலியில் சாய்ந்து உட்காரப் பல நாள் ஆனது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை.

59இல் அக்கா மெட்ரிகுலேஷன் எழுதினார். இங்கிலீஷில் தேறி, கணக்கில் தவறிவிட்டார். எங்கள் பள்ளியிலேயே படித்து வெளியே போன ஒரு பெண் அதே கூடத்தில், அவருக்கு இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்து எழுதினாள். அவள் பாஸ். அதைச் சொல்லும்போதும் அக்கா சிரித்தார். மறு வருடம் மறுபடி எழுதித் தேறினார். அன்றைக்குத் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். நான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

இப்போது 61க்கு வருகிறேன். கோடை விடுமுறைக்கு முன்னால், பள்ளித் தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. பழைய கோப்புகள் எல்லாம் பிரெஞ்சும் இங்கிலீஷும் கலந்து கிடந்தன. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா என் அறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிரெஞ்சு ஒரு பக்கம் இங்கிலீஷ் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தார். நான் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கடிதம் அந்தக் கோப்புக் கட்டுக்குள்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போது ஞாபகத்தில் இல்லை. நாலு வருடத்தில் அவ்வளவு நிம்மதியாகிவிட்டிருந்தேன்.

"தங்கச்சி, இங்க வா."

தனியாக இருக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவார். எழுந்து போனேன். அக்கா கையில் ஒரு தாள். அவர் முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லாக, கடைசி எழுத்தை விழுங்காமல், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. முதல் பாரா. இரண்டாவது பாரா. மூன்றாவது பாரா. அக்கா நிறுத்தாமல் கடைசித் தேதி வரைக்கும் வாசித்தார்.

"நான் படிச்சது சரியா?"

"சரிக்கா."

"தமிழ்ல சொல்லு."

சொன்னேன். நாலு வருடத்துக்கு முன்னால் அதே பள்ளியில் நின்றபடி சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்கு நின்றபடி சொன்னேன்.

"அன்னிக்கி இத மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்க்கா" என்றேன். அந்த நேரத்திலும் அதுதான் வந்தது வாயில்.

"சரி, மறந்த. நான் வந்து கேட்டனே, ஆம்பளப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான்னு சொன்னியே, அதுவும் மறந்து சொன்னதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "அழுவாத. நீ அழுதா நான் எழுந்து வந்து தேத்தணும். இன்னிக்கி என்னால முடியாது."

வெளியே பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா தாளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"கணக்குல பெயிலாகி, நான் பாடம் சொல்லிக் குடுத்த பொண்ணு முன்னால தலய குனிஞ்சிகிட்டு வந்தேன். எங்கம்மா கேட்டுது, ஏம்மா இந்த வயசுல இந்தப் பாடுன்னு. தங்கச்சி சொல்லியிருக்கும்மா, இதான் வழின்னு சொன்னேன். ஒன் வூட்டுக்கு எத்தினி நாள் வந்திருப்பேன்? ஒருநாளாச்சும் ஒனக்குச் சொல்லணும்னு தோணலியா?"

தோன்றியது. பல நாள் தோன்றியது. ஆனால் தோன்றியது என்று சொல்வது தோன்றவில்லை என்று சொல்வதைவிடக் கேவலம்.

மணி அடித்தது. அக்கா தாளைக் கோப்பில் அதன் எண் வரிசையில் திரும்பச் சொருகினார். சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எனக்கு நாலாம் வகுப்பு இருக்கு மதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் தனியாக இருக்கும்போதும் மதாம்தான். வீட்டுக்கு வருவது நின்றுபோயிற்று. வீட்டுக்காரர், "எங்க ஒங்க அக்காவக் காணோம்?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

இரண்டு வாரம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ஒருநாள் அரை நாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று நிஜமான எண்ணத்தோடுதான் போனேன். அங்கே இருந்த அதிகாரி நடுத்தர வயசு, பொறுமையான மனுஷர். உட்காரச் சொன்னார்.

"எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியை ஒருவர், பிரெவே முடித்தவர். 57இல் வந்த நிர்வாகப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் தவறிவிட்டார்" என்றேன்.

கவனித்தீர்களா? தவறிவிட்டார் என்றேன். வழியெல்லாம் வேறு மாதிரி சொல்வதாக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவள், அவர் முகத்தைப் பார்த்ததும் பழியை அலுங்காமல் அக்கா தலையில் வைத்துவிட்டேன்.

அதிகாரி ஒரு கோப்பை வரவழைத்துப் பார்த்தார். அந்தப் பயிற்சி இரண்டு தடவை நடந்து நின்றுவிட்டது, தேதி எப்போதோ முடிந்த கதை, கவனிக்காமல் விட்டவர்களுக்காக இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்றார். நான் எழுந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி இன்னொன்றும் சொன்னார்.

"ஒருவேளை அந்த உத்தரவு அவங்களுக்குத் தெரிவிக்கப்படவே இல்லைன்னா அது வேற விஷயம்மா. அவங்க தப்பு இல்லன்னு ஆயிடும். எப்படி விட்டுப்போச்சுன்னு பள்ளியிலேர்ந்து எழுத்து மூலமா ஒரு விளக்கம் கையெழுத்தோட வந்தா, நான் மேல எழுதிப் பார்க்கிறேன். அவங்க சர்வீசுக்குப் பயிற்சி இல்லாமலே அந்தத் தகுதி கிடைக்கவும் கிடைக்கலாம்."

"பார்க்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கடற்கரை ஓரமாகவே நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு தாள், நாலு வரி, கீழே என் கையெழுத்து. அவ்வளவுதான் வேண்டியது. அந்த நாலு வரியில் நான் என்ன எழுத வேண்டியிருக்கும் என்று ஒவ்வொரு வரியாக மனசில் ஓட்டிப் பார்த்தேன். உத்தரவைப் படித்தவள் நான். சொல்லாமல் விட்டவள் நான். கேட்டபோது பொய் சொன்னவளும் நான். அதனால் வந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளும் நான். இதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நாற்காலி போகும், வேலையேகூடப் போகலாம், கடலூர் வரைக்கும் பேச்சாகும். மாமியார் வீடு, பிறந்த வீடு, வீட்டுக்காரர் வேலை செய்கிற இடம் என்று எல்லா முகமும் வந்து வந்து போயிற்று. நடுவில் அக்கா முகமும் வந்தது. பள்ளி வாசலுக்கு வந்தபோது நான் முடிவு செய்துவிட்டேன் என்றுகூடச் சொல்லமுடியாது. பயந்துபோய் வந்தேன், அவ்வளவுதான்.

அக்கா வகுப்பு முடிந்து வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். கையெல்லாம் சுண்ணாம்புக்கட்டித் தூள். நான் அவரை நிறுத்தி, "ஆபீசுக்குப் போய்ட்டு வரேன்க்கா. ஒங்களுக்காகக் கேட்டேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. நான் போவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"என்னா சொன்னாங்க?"

"தேதி முடிஞ்சிபோச்சாம். இப்ப ஒண்ணும் பண்ண முடியாதாம்."

"வேற வழி எதுவும் சொல்லலியா?"

மறுபடியும், கிட்டத்தட்ட அதே கேள்வி. இந்தத் தடவை என்ன பதில் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு முழுசாகத் தெரியும். ஆசையில் கண் மறைத்தது என்றோ, சின்ன வயசு என்றோ சொல்லிக்கொள்ள இடமே இல்லை.

"இல்லக்கா" என்றேன்.

அந்த அதிகாரி சொன்னது காற்றில் போன பேச்சு. எந்தக் கோப்பிலும் அதற்கு எண் கிடையாது. அக்கா என்ன இங்கிலீஷ் படித்தும் அதைத் தேடிப் படிக்க முடியாது. அதுவும் எனக்கு அந்தக் கணத்தில் தெரிந்தே இருந்தது.

அக்கா தூள் படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் தோளைத் தொட்டார்.

"சரி வுடு. எனக்குக் குடுத்து வைக்கல. நீ வெக்கத்த வுட்டுப் போயி எனக்காகக் கேட்டுட்டு வந்தியே தங்கச்சி, அது போதும் எனக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீனோடு வீட்டுக்கு வந்தார். பழையபடி சிரித்தார். வீட்டுக்காரர், "ஒடம்பு இப்ப தேவலாமா?" என்று கேட்டதற்கு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தேவலாம் தம்பி" என்று எனக்காக அதையும் சமாளித்தார். அன்றைக்குச் சமைத்தது மட்டும் எனக்கு இறங்கவில்லை. கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தேன்.

இவ்வளவு வருடம் ஓடிவிட்டது. அக்கா உதவி ஆசிரியையாகவே இருந்து ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் அவரைப் பற்றிப் பேசியது நான்தான், நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் இறந்தபோது உறவுக்காரர்கள் முதல் மாலை போடச் சொன்னதும் என்னைத்தான், தங்கச்சி என்று. அவர் என்னை மன்னித்துவிட்டுப் போனார் என்று நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. அவர் மன்னித்தது அலுவலகத்தில் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்த ஒருத்தியை, அப்படி ஒருத்தி கிடையாது.

நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட அன்றைக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றைக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், கேட்டுச் சந்தோஷப்படவோ காறித் துப்பவோ அக்கா இல்லாத காலத்தில். இந்த மாதிரி அனுபவங்களை எழுதி அனுப்புகிறவர்கள் பெயர் போட வேண்டியதில்லை என்று உங்கள் பத்திரிகை அறிவிப்பில் சொல்லியிருப்பதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதிதான் நான் இன்னும் அந்த வராந்தாவில் நின்று இல்லக்கா என்று சொன்ன அதே பெண்ணாகவே இருக்கிறேன் என்பதை எனக்குச் சொல்லிவிட்டது.